மழை வந்தால் சுவர் கறுக்கிறது: செலவு யார் தலையில்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000. போன வருடம் மே மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தபோது வீடு பெயின்ட் வாசனையோடு பளபளவென்று இருந்தது. நவம்பர் மழைக்கு ஹாலின் வெளிச்சுவரில் கீழிருந்து மூன்றடி உயரம் வரை பெயின்ட் பொருமி, வெள்ளையாக உப்புப் பூத்தது. பையன் படுக்கிற அறையில் சீலிங் மூலையில் பழுப்பு வட்டம் விழுந்து, அதைச் சுற்றிக் கறுப்பாகப் பூசணம். எங்கள் அறையில் பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. பிப்ரவரியில் ஓனர் ஆள் அனுப்பிச் சுரண்டி, ‘ஓதம் வராத பெயின்ட்’ என்று ஏதோ அடித்துக் கொடுத்தார். இந்த வருட மழைக்கு எல்லாம் திரும்ப வந்துவிட்டது. மாடியில்தான் ஓனர் குடும்பம் இருக்கிறது. கேட்டால் ஓனரம்மா, “நீங்க ஜன்னலையே திறக்கிறதில்ல, துணிய உள்ளயே காயப்போடுறீங்க, ராத்திரி பூரா ஏசி ஓடுது. நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல ஒரு புள்ளி கிடையாதும்மா” என்கிறார். காலி செய்யும்போது பெயின்ட்டிங் செலவை அட்வான்ஸில் பிடிப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆறு வயது மகனுக்கு இரண்டு மாதமாக வீசிங். அக்ரிமென்ட் 11 மாதத்துக்கு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியது. எங்கும் பதிவு செய்யவில்லை. சரிசெய்ய வேண்டியது யார்? நாங்களே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாமா? பேசாமல் காலி செய்துவிடலாமா?
– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

மீதியைப் படிப்பதற்கு முன்னால், மகனின் படுக்கையை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஹாலில் ஓதம் ஏறாத உள்சுவர் ஓரமாகப் படுக்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த சீலிங் மூலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இருமல் எத்தனை நாளாக என்று கேட்கிற மருத்துவர், வீட்டுச் சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்பது அபூர்வம். நாமாகச் சொன்னால்தான் உண்டு. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லை, ஒவ்வாமை, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாக வருகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. இவ்வளவு பூசணம் வரை பரவாயில்லை என்று அதில் எந்த அளவும் தரப்படவில்லை. ஈரம் நீடிக்க விடாதீர்கள் என்பதுதான் அதன் பரிந்துரை.

கறுப்புப் பூசணம் என்றதும் பயந்துபோய், அது விஷ வகையா என்று சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நிறத்தை வைத்து வகை சொல்ல முடியாது. எந்த வகையாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: தண்ணீர் வருகிற வழியை அடைத்து, சுவரைக் காயவிட்டு, துடைத்தெடுப்பது. பூசண வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. சாப்பிடுவதற்கு அவற்றுக்குப் பெயின்ட், தூசி, மரம், துணி எதுவும் போதும். இல்லாதது தண்ணீர் மட்டும்தான். ஒரு பரப்பு ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து ஈரமாக இருந்துவிட்டால் அங்கே முளைத்துவிடும்.

அதனால் ‘இந்தப் பூசணத்துக்கு யார் பொறுப்பு’ என்ற கேள்வியை நான் எப்போதும் ‘இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது’ என்று மாற்றிக்கொள்வேன். கட்டடப் பொறியாளராக இருபத்தைந்து வருடம் ஓதச் சுவர்களைத் தட்டிப் பார்த்தே பிழைக்கிறவன் நான். ஓனரும் குடித்தனக்காரரும் சண்டை போடுகிற வீட்டில் பாதி நேரம் இருவருமே ஏதோ ஒரு சுவரைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்கள். உங்கள் வீடும் அப்படித்தான் தெரிகிறது. நீங்கள் ஒரே பிரச்சினையாக எழுதியிருப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். மூன்று சுவரிலும் மூன்று விதமான தண்ணீர்.

சீலிங்கில் ஆரம்பிக்கிறேன். அவசரம் அங்கேதான். பழுப்பு வளையம் விழுந்திருக்கிறது என்கிறீர்கள். வளையம் என்றாலே தண்ணீர் வந்து, காய்ந்து, மறுபடி வந்திருக்கிறது என்று பொருள். உங்களுக்கு மேலே ஓனர் வீடு இருப்பதால் மொட்டை மாடி மழைநீர் அங்கே இறங்க வாய்ப்பு குறைவு. அந்த மூலைக்கு நேர் மேலே அவர்களுடைய பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். அனேகமாக இருக்கும். பாத்ரூம் தரையைப் பள்ளமாகப் போட்டு, அதில் செங்கல் உடைசல் கொட்டி, மேலே டைல்ஸ் ஒட்டுவது இங்கே வழக்கம். டைல்ஸ் இடுக்கில் அடைத்த சிமென்ட் நாளாவட்டத்தில் உதிர்ந்துபோகும். நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறுகிற வாயைச் சுற்றி விரிசல் விடும். குளிக்கிற தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கி, குளம் மாதிரி நின்று, உங்கள் சீலிங் வழியாகக் கசியும். மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வெயில் காலத்தில் கசிவது காற்றிலேயே காய்ந்துவிடுவதால் கண்ணில் படாது, மழைக்காலத்தில் காயாமல் நின்று காட்டிக்கொடுக்கும். அவ்வளவுதான்.

கண்டுபிடிப்பது சுலபம். வளையத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நான்கு நாளுக்கு ஒருமுறை புதுக் கோடு, புதுத் தேதி, ஒரு படம். காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள் ஈரம் கூடி, இரவில் குறைந்தால் அது கழிவுநீர் வழி. மாடியில் யாரும் இல்லாத நாளிலும் ஒரே சீராகச் சொட்டினால் குழாய்த் தண்ணீர், அதாவது சுவருக்குள் போகிற பைப் உடைந்திருக்கிறது. ஓனர் ஒத்துழைத்தால் இன்னொன்று செய்யலாம்: நஹானி வாயைத் துணியால் அடைத்து, பாத்ரூம் தரையில் ஓர் அங்குலம் தண்ணீரை நிறுத்தி, அதில் கேசரிப் பவுடரைக் கலந்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். கீழே மஞ்சளாக இறங்கினால் அதற்குமேல் யாரும் வாதாட முடியாது. ஒரு வீட்டில் இப்படி ஆரஞ்சு நிறத்தில் சொட்டியதைப் பார்த்துவிட்டு, மூன்று வருடம் பேசாமல் இருந்த ஓனரும் குடித்தனக்காரரும் சேர்ந்து சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சரிசெய்வது முழுக்க ஓனர் வேலை. நீங்கள் நினைத்தாலும் செய்ய முடியாது, உடைக்க வேண்டியது அவர் வீட்டுத் தரையை. விரிசல் சின்னதாக இருந்தால் டைல்ஸ் இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி அடைப்பதோடு முடியும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் டைல்ஸைப் பெயர்த்து, உடைசலை அள்ளி, வாட்டர் ப்ரூஃபிங் செய்து திரும்பப் போட வேண்டும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

அவரிடம் பேசும்போது பூசணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், கம்பியைப் பற்றிப் பேசுங்கள். பூசணம் உங்கள் தொல்லை. கம்பி அவருடைய சொத்து. ஈரம் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். ஒரு நாள் சீலிங் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழும். இன்றைக்கு பாத்ரூம் வேலையோடு போவது, நாளைக்குத் தளத்தையே முட்டுக்கொடுத்துப் பார்க்கிற வேலையாகும். நானும் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன்தான். குடித்தனக்காரர் ‘சார், பூசணம்’ என்று போன் செய்தபோது நானும் ‘ஜன்னலைத் திறந்து வையுங்கம்மா’ என்று சொல்லியிருக்கிறேன். ‘சார், கம்பி தெரியுது’ என்று சொன்ன அன்றைக்குத்தான் வண்டியை எடுத்தேன்.

அடுத்தது ஹால் சுவர். கீழிருந்து மூன்றடி, பொருமல், வெள்ளை உப்பு. இது தரையிலிருந்து ஏறுகிற ஓதம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி செங்கல் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கிறது. வழக்கமாக ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், அங்கே கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை தெரியும். அப்படி ஏறாமல் இருக்கத்தான் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று போட வேண்டும். பழைய வீடுகளில் அது இருக்காது, அல்லது இருந்தும் பயனில்லாமல் போயிருக்கும். மடிப்பாக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்து ஊர். மழைக்காலத்தில் அங்கே நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். இதோடு சேர்த்து, சென்னைத் தெருக்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று ஒரு படி இறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன. வெளியே மண்ணோ சிமென்ட் தளமோ உயர்ந்து, சுவரில் இருந்த தடுப்பு அடுக்கையும் தாண்டிவிட்டால், உள்ளே ஈரம் ஏற வேறு காரணமே வேண்டாம்.

உங்கள் ஓனர் அடித்த ‘ஓதம் வராத பெயின்ட்’ ஏன் ஒரு மழைகூடத் தாங்கவில்லை என்றால், தண்ணீர் பின்னாலிருந்து வருகிறது, அவர் முன்னால் அடைத்திருக்கிறார். சுவருக்குள் வந்த ஈரம் வெளியேற வழி தேடி, உப்பையும் கூட்டிக்கொண்டு பெயின்ட்டை உந்தித் தள்ளும். எவ்வளவு உயர்ந்த பெயின்ட்டோ அவ்வளவு பெரிய தோலாக உரிந்து வரும். இந்தச் சுவருக்குச் செய்ய வேண்டியது: வெளிப்பக்கம் ஏறியிருக்கிற மண்ணை வெட்டி இறக்கி மழைநீர் ஓட வாய்க்கால் விடுவது, ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது, சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் செலுத்துவது, சுவர் காய்ந்த பிறகு புதிதாகப் பூசுவது. காய்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இது ஏப்ரல், மே வேலை. இந்த மழையில் ஆளை அனுப்புகிறேன் என்று ஓனர் சொன்னால்கூட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போது நீங்கள் கேட்க வேண்டியது, கோடையில் செய்து தருகிறேன் என்ற எழுத்து மட்டும்தான்.

இதுவும் முழுக்க ஓனர் பொறுப்பு. நீங்கள் ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் பூமியிலிருந்து ஏறுகிற தண்ணீருக்குக் கவலையில்லை.

மூன்றாவது பீரோ. இங்கே ஓனரம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை நீங்கள் ஒப்புக்கொள்வது நல்லது. அந்தச் சுவரில் ஈரம் வருவது வெளியிலிருந்தா, அறைக்காற்றிலிருந்தா என்று பார்க்க ஒரு வழி: ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைப் பூசணம் இல்லாத இடத்தில் சுவரோடு ஒட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு அடைத்து, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் சுவருக்குள் ஈரம். அறைப்பக்கம் நனைந்தால் காற்றிலிருக்கிற ஈரம்தான் குளிர்ந்த சுவரில் படிகிறது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது போல. 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் நீராகிவிடும். இரவு முழுக்க 20இல் ஏசி ஓடிய அறையின் சுவர் அதைவிடக் குளிர்ந்திருக்கும். காலையில் எழுந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு ‘காற்று வரட்டும்’ என்று ஜன்னலைத் திறந்தால், நவம்பர் மாதச் சென்னைக் காற்று உள்ளே வந்து நேராகச் சுவரில் படிகிறது. பீரோ பின்னால் அது காயவும் முடியாது.

ஓனரம்மா சொன்ன மாதிரி ஜன்னலைத் திறப்பது இந்த ஊரில் எல்லா நேரமும் மருந்தாகாது. மழை பெய்துகொண்டிருக்கும்போது திறந்தால் ஈரத்தைத்தான் உள்ளே அழைக்கிறீர்கள். வெயில் அடிக்கிற நேரம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஃபேனைப் போட்டு வையுங்கள். ஏசியை 26இல் வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் போடுங்கள். துணி விஷயத்தில் நான் ஓனரம்மா கட்சி: வாஷிங் மெஷினில் பிழிந்த ஒரு தடவைத் துணியில்கூட இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கும். அதை அறைக்குள் கொடி கட்டிப் போட்டால் அத்தனையும் சுவருக்கும் பீரோவுக்கும்தான் போகும். மாடிக் கொடியில் போட உங்களை அனுமதிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. மொட்டை மாடியைப் பூட்டி வைத்துக்கொண்டு உள்ளே காயப்போடுகிறீர்கள் என்று குறை சொன்னால் அது நியாயமில்லை. உங்கள் பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாவிட்டால், வென்டிலேட்டரைக் கொசுவுக்குப் பயந்து கண்ணாடி போட்டு அடைத்திருந்தால், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரம் வெளியேற வழி வைப்பது வீட்டுக்காரர் வேலை. அந்த வழியைப் பயன்படுத்துவது உங்கள் வேலை.

குடியிருப்பவர் பழக்கத்தின் மேல் பழி போடுவது நம் ஊர் ஓனர்கள் கண்டுபிடித்ததில்லை. இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். பூசணம் பிடித்த வாடகை வீட்டில் நெடுநாள் இருந்ததால் வந்த மூச்சுக்கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பன் முதலில் முறையிட்டபோது கிடைத்த பதில், அதன் மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்றும் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபரில் அங்கே முதல் கட்டமாக நடைமுறைக்கு வந்தது; குறைந்த வாடகைக்கு விடுகிற சமூக வீடுகளை நடத்தும் அமைப்புகள் இனி குறித்த கெடுவுக்குள் வந்து பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பெயின்ட் அடித்துத் தள்ளிப்போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஓனரிடம் சொல்ல உங்களுக்கு ஒரு உதாரணம் இருக்கட்டும்.

இனி சட்டம். தமிழ்நாட்டில் 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யாருடையது என்று பிரித்தே வைத்திருக்கிறது. குடியிருப்பவர் உண்டாக்கிய சேதம் நீங்கலாகக் கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். டேப் வாஷர், அடைத்த சாக்கடை, வாஷ்பேசின், ஸ்விட்ச், கீஸர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி முதலியவை நம் பக்கம். உங்கள் சீலிங்கும் ஹால் சுவரும் எந்தப் பக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளையடிப்பது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னையில் ஊர் வழக்கமாக இருக்கலாம், சட்டம் தொடங்குகிற இடம் அதுவல்ல. ஆனால் உங்கள் அக்ரிமென்ட்டில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எழுதியிருந்தாலும், ஓனர் வீட்டு பாத்ரூம் தண்ணீரால் கெட்ட சுவருக்கு உங்களிடம் பணம் கேட்பது வேறு கதை. அதற்குத்தான் அந்தப் பென்சில் கோடும் தேதியும்.

வாடகையில் கழிக்கலாமா என்றால், கழிக்கலாம். தன் பங்குப் பழுதை வீட்டுக்காரர் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ள அந்தச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இடம் தருகிறது. ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதிக்கு மேல் போகக் கூடாது, உங்களுக்கு 9,000. 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவும், வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால் இதையே சொல்கிறது. அந்தப் பிரிவிலேயே இன்னொன்று இருக்கிறது: தனக்குத் தெரிந்த, வாடகைக்கு வருகிறவர் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத பெரிய குறையை வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மே மாதம் புதுப் பெயின்ட் அடித்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர் நீங்கள். முந்தைய குடித்தனக்காரர் எப்போது, ஏன் காலி செய்தார் என்று அக்கம்பக்கத்தில் மெதுவாக விசாரியுங்கள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரருக்குத் தெரியாத ரகசியம் கிடையாது.

ஆனால் கழிப்பதில் நான் உங்களைத் தடுக்கிறேன். ஹால் சுவர் வேலையைச் சொந்தக் காசில் செய்தால், அதை மாதம் 9,000 வீதம் கழித்துத் தீர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று பாருங்கள். அதுவரை மாடிப்படியில் அவர்கள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இன்னொரு சிக்கல் உங்கள் அக்ரிமென்ட். 11 மாதம் என்று போட்டால் பதிவு தேவையில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அது பத்திரப் பதிவுச் சட்டத்துக்குப் பொருந்துகிற கணக்கு. 2017ஆம் வருடச் சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்குத் தமிழக அரசின் இணையதளமே இருக்கிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதையே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாக அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. பதியாத தாளோடு சண்டைக்குப் போனால் முதல் அடி உங்கள் மேல் விழக்கூடும். ஆகவே அக்ரிமென்ட்டைப் புதுப்பிக்கும்போது பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்; அதில் எந்தெந்தச் சுவரில் என்ன குறை இருக்கிறது என்று ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, கரண்ட்டைத் துண்டிப்பது போன்ற வேலைகளைச் சட்டம் தடுத்திருக்கிறது. அப்படி நடந்தால் துணை ஆட்சியர் நிலையில் இருக்கிற வாடகை அதிகாரியிடம் போகலாம், அந்தக் கட்டத்தில் ஒரு வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஒரு கடிதம் போதும். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். மேல் வீட்டுக்குத் தபால் அனுப்புவது வேடிக்கையாகத் தோன்றும்; அந்த ரசீதுதான் பின்னால் பேசும். புகார் வாசனை அடிக்காமல் எழுதுங்கள். இப்படி:

‘மதிப்பிற்குரிய ஐயா, தரைத்தள வீட்டின் சிறிய படுக்கையறை சீலிங்கில் உங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே நீர்க்கசிவு உள்ளது. தேதியிட்ட படங்களை இணைத்துள்ளேன். தளத்தின் கம்பி பாதிக்கும் என்பதால் 15 நாட்களுக்குள் பிளம்பரை வைத்துப் பார்த்துச் சரிசெய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். ஹால் வெளிச்சுவரில் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது. அதை வரும் மே மாதத்துக்குள் செய்து தருவதாக எழுத்தில் தெரிவிக்கவும். எங்கள் அறையில் பீரோ பின்னால் இருந்த பூசணத்தை நாங்களே சுத்தம் செய்து, பீரோவைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். வேலையாட்கள் வர வேண்டிய நாளை முதல் நாளே சொன்னால் வீட்டில் இருப்போம்.’

கடைசிக்கு முந்தின வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் பங்கைச் செய்துவிட்டுத்தான் அவர் பங்கைக் கேட்கிறீர்கள் என்பது அந்த வரியில் இருக்கிறது.

சுத்தம் செய்வது பற்றி: மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருக்கிற பூசணத்தை நீங்களே துடைக்கலாம். என்95 முகக்கவசம், கையுறை போட்டு, பையனை வெளியே அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். காய்ந்த சுவரைச் சுரண்டாதீர்கள், வித்துகள் வீடெல்லாம் பறக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டி எறிந்துவிட்டு, ஃபேனை வைத்துச் சுவரைக் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிற பழக்கம் வேண்டாம். பூச்சுக்குள் இறங்கிய வேரை அது தொடாது. அதோடு பாத்ரூம் ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ சேர்ந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். வீசிங் உள்ள பிள்ளை இருக்கிற வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை. சீலிங்கை இப்போது தொடாதீர்கள். மேலே கசிவு நிற்காமல் கீழே துடைப்பது வீண்.

காலி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சீலிங் கசிவை வைத்து முடிவு செய்யுங்கள். கடிதம் போன பிறகு ஒரு மாதத்தில் பாத்ரூமில் கை வைத்தால் இருங்கள், ஹால் சுவருக்குக் கோடை வரை பொறுக்கலாம். தட்டிக்கழித்தால் பையனுடைய பள்ளித் தேர்வு முடிகிற கையோடு கிளம்புங்கள். அதற்குள் வீசிங் கூடினால் தேர்வு வரைகூடக் காத்திருக்க வேண்டாம். குடியிருக்க லாயக்கில்லாத வீட்டை எழுதிக் கேட்டும் சரிசெய்யாவிட்டால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமை உங்களுக்கு உண்டு. சாவி கொடுக்கிற அன்று ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸே வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அடுத்த வீட்டுக்குப் பேசும்போது நினைவில் வையுங்கள்.

கிளம்புவதாக இருந்தால் குடிபோவது ஏப்ரலில் இருக்கட்டும், வீடு பார்ப்பதை இந்த மழையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். புரோக்கர் ஹாலையும் கிச்சனையும் காட்டிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் கதவுக்குப் பின்னால் குனிந்து சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். பரண் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். புதுப் பெயின்ட் வாசனை அடித்தால், எப்போது அடித்தது, எதற்கு அடித்தது என்று கேளுங்கள்.